பொலிகாசு

ஆயர் ஈத்தாம் நாய்க்கு ஐயாயிரம் ரிங்கிட்.
படத்தில் பக்கத்திலேயே ஒரு வெள்ளிக் கோப்பை.
எந்தப் பந்தயம் என்று கேட்டேன்.
"அது அவன் அப்பா வாங்கினது" என்றார்கள்.

சுங்கை ஆரா நாய்க்கு எண்ணூறுதான்.
ஆனால் அதன் தாத்தாவும்
என் சலங்கையின் தாத்தாவும் ஒரே நாய்.
"நாய்தானே, முறை பாக்குறியா?" என்றான்
தம்பி வைகறைச்செல்வன்.
பிறையில் லாரிக் கிடங்கில் சரக்குச் சீட்டு எழுதுகிறவள் நான்.
ஒரே எண் இரண்டு சீட்டில் வந்தால்
எனக்குத் தூக்கம் வராது.

மூன்றாவது, பாலேக் பூலாவ்.
உங்கள் நாய் இருக்கட்டும்,
அதன் அம்மாவைக் காட்டுங்கள் என்றேன்.
மிஸ்டர் கூ சிரித்துவிட்டுச்
சமையலறைக்குக் கூட்டிப்போனார்.
கேஸ் தோம்புக்குப் பக்கத்தில் பதினோரு வயதுக் கிழவி.
எழுந்தாள், இடுப்பு தடுமாறாமல்.
என் கையை மோந்தாள். போதும் என்று படுத்துக்கொண்டாள்.
எத்தனை ஈற்று?
"மூன்று. ஏழு, ஒன்பது, ஆறு."
அந்த எண்கள் எனக்குப் பிடித்திருந்தன.

அதற்கப்புறம்தான் கோமெட் வந்தான்.
மழைக்கு முந்தைய கடல் நிறத்தில் ஒரு கிரேஹவுண்ட்.
பல் பார்த்தேன், நடக்கவிட்டுப் பின்னங்கால் பார்த்தேன்.
அப்போது தோட்டத்தில் டுரியான் விழுந்தது, தொம்மென்று.
அவன் காது மட்டும் திரும்பியது.
அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்;
இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போகிறவள்
என் சலங்கை.

பொலிகாசு மூவாயிரம்.
காசில்லையென்றால் முதல் குட்டி,
அதை அவர் பொறுக்கி எடுப்பார்.
வங்கியில் என்னிடம் ஆயிரத்து நூறு.
ஏழு, ஒன்பது, ஆறு. ஒன்று போனால் போகட்டும்.
தாளில் கடைசி வரியை நானேதான் எழுதினேன்:
குட்டியே தங்காவிட்டால் மறுமுறை காசில்லாமல்.
புத்திசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் ரத்தம் சோதித்துப் பாலம் கடந்தோம்.
ஒட்டிக்கொண்டு இருபத்திரண்டு நிமிடம்.
அவள் தலையை நான் பிடித்திருந்தேன்,
அவன் தலையை அவர்.
எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.
அவர் டுரியான் விலை சொன்னார்.
நான் டீசல் விலை சொன்னேன்.

கிடங்கில் மூட்டை இறங்கும்போது
ஒன்று என்று எண்ணமாட்டார்கள்.
லாபம், இரண்டு, மூன்று.
ஜெலுத்தோங் மருத்துவமனையில், ஸ்கேன் திரையில்
பட்டாணி அளவுக்கு ஏதோ துடித்தது.
லாபம் என்றேன் வாய்க்குள்.
மருத்துவர் கருவியை இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார்.
"சத்து சாஜா" என்றார்.
இன்னொரு தரம் பாருங்கள் என்றேன்.
பார்த்தார்.
அதே ஒன்றுதான் அங்கேயும் துடித்தது.

எட்டாம் வாரம் கூ வந்தார், தாளோடு.
கெஞ்சக்கூடாது என்று முந்தின இரவே முடிவெடுத்திருந்தேன்.
பெட்டி முன்னால் குந்தினார்.
தூக்கினார், ஈறு பார்த்தார், வால் நீவினார், இறக்கிவிட்டார்.
ஓடவிட்டுப் பார்த்தார்.
பெட்டியின் மற்ற மூலைகளையும் பார்த்தார்.
மறுபடி தூக்கினார்.
அரைமணி நேரம் ஆயிற்று அவருக்கு,
ஒன்றிலிருந்து ஒன்றைப் பொறுக்க.
"இதை எடுத்துக்கொள்கிறேன்" என்றார்,
மீதியை எனக்கு விட்டுவைப்பவர் போல.

தடுப்பூசி அட்டையைக் கொடுத்தேன்.
கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே சொன்னார்,
அடுத்த பருவம் கொண்டு வா, பாதிக் காசு.
ஆயிரத்து ஐந்நூறு.
மனம் தானாகவே கழித்துப் பார்த்தது:
இன்னும் நானூறு.

சலங்கை கார் நின்ற இடத்தை மோந்தாள்.
பெட்டிக்குப் போனாள்,
திரும்பி வந்து சிமெண்டை மோந்தாள்.
காம்பில் பால் கசிந்து தரையில் புள்ளி புள்ளியாய்.
வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன், வலித்திருக்கும்,
கையைக் கடிக்கவில்லை.

இரவு தாளை எடுத்துப் பார்த்தேன்.
நான் எழுதிய கடைசி வரிக்கும்
அவர் கையெழுத்துக்கும் நடுவில்
வெற்றிடம் இருந்தது.
ஒரு வரிக்குத் தாராளமான இடம்.